பெயரை இழந்த கேப்டன்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் பேச அழைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவன் இன்னொரு வானொலிக்காரன். பெயர் பில்லி பேட்சன். தாய் தகப்பன் இல்லாத சிறுவன். அமெரிக்கச் சித்திரக்கதை ஒன்றில், 'விஸ்' என்ற வானொலி நிலையத்தில் செய்தி சொல்கிறவன். ஆபத்து வந்தால் 'ஷசாம்' என்பான். மின்னல் இறங்கும். பையன் நின்ற இடத்தில், சிவப்பு உடையும் மார்பில் மஞ்சள் மின்னல் குறியுமாக ஒரு பெரிய வீரன் நிற்பான். சாலமன், ஹெர்குலிஸ், அட்லஸ், சியூஸ், அக்கிலிஸ், மெர்க்குரி என்ற ஆறு பேரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் வருவதுதான் அந்த மந்திரச் சொல். அந்த வீரனின் பெயர் கேப்டன் மார்வெல்.

இன்று கேப்டன் மார்வெல் யார் என்று ஒரு பள்ளிப் பிள்ளையைக் கேட்டால், விண்வெளியில் பறக்கும் கரோல் டான்வர்ஸ் என்ற பெண்ணைச் சொல்லும். அதுவும் சரிதான். பெயர் எப்படிக் கை மாறியது என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

பில்லியின் கதையை எழுதியவர் பில் பார்க்கர், வரைந்தவர் சி.சி. பெக். வெளியிட்டது ஃபாசெட் நிறுவனம். அவர்கள் முதலில் வைத்த பெயர் கேப்டன் தண்டர். பெயரைப் பதிந்துகொள்வதற்காகவே சில பிரதிகள் மட்டும் அச்சடித்துப் பார்த்தார்கள். அந்தப் பெயர் கிடைக்கவில்லை. அப்புறம்தான் மார்வெல். 1940 பிப்ரவரி தேதியிட்ட இதழில் அவன் வந்தான். 1944இல் அவன் பெயரிலான இதழ் மட்டும் ஒரு கோடியே நாற்பது லட்சம் பிரதிகள் விற்றதாகக் கணக்கு. சூப்பர்மேனையே முந்திவிட்டான்.

சூப்பர்மேனின் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1941இலேயே வழக்குப் போட்டார்கள். பறப்பது, தோளில் தொங்கும் துணி, மறைத்து வைத்த இன்னொரு அடையாளம் எல்லாம் எங்களுடையவை என்றார்கள். 1948இல்தான் விசாரணை நடந்தது. கீழ் நீதிமன்றம் நகல் எடுத்தது உண்மை என்றது. ஆனால் சூப்பர்மேன் நாளிதழ்த் தொடரில் பல நாள் பதிப்புரிமைக் குறிப்பை ஒழுங்காகப் போடாததால், அந்த உரிமையையே கைவிட்டதாகும் என்றும் சொல்லி, ஃபாசெட் பக்கம் தீர்ப்பளித்தது. 1951இல் மேல்முறையீட்டில் நீதிபதி லேர்னட் ஹேண்ட் அதை மாற்றினார். உரிமை கைவிடப்படவில்லை, எந்தக் கதையிலிருந்து எந்தக் கதை எடுக்கப்பட்டது என்று தனித்தனியாகப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்.

நேயர்களே, அந்த ஒப்பீடு நடக்கவே இல்லை. போருக்குப் பிறகு சித்திரக்கதை விற்பனை சரிந்திருந்தது. ஃபாசெட் 1953இல் நான்கு லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானமாகி, கேப்டனை நிறுத்திவிட்டது. எனக்கு இது இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. பேசும் புலியும், கண்ணாடி போட்ட வில்லன் புழுவும் வரும் அந்தக் கதைகளில் இருந்த குறும்பு சூப்பர்மேனிடம் கிடையாது. அது வேறு மனம், வேறு கை. அதை எந்த நீதிமன்றமும் கடைசிவரை உட்கார்ந்து படித்துப் பார்க்கவில்லையே.

இங்கிலாந்தில் கேப்டனின் கதைகளை மறுபதிப்புப் போட்டவர்கள் திடீரென்று கையைப் பிசைந்தார்கள். மிக் ஆங்லோ என்பவர் 1954இல் பெயரையும் மந்திரத்தையும் மாற்றி மார்வெல்மேன் என்று தொடர்ந்தார். 1985இல் அமெரிக்காவுக்குப் போனபோது அவனும் பெயர் மாறி மிராக்கிள்மேன் ஆனான்.

சரி, கேப்டனுக்கு வருவோம். இதுவரை நடந்தது பதிப்புரிமைச் சண்டை. பெயரைப் பறித்தது வணிகமுத்திரை, அதாவது டிரேட்மார்க். பதிப்புரிமை பெட்டிக்குள் வைத்த பத்திரம் மாதிரி, காலம் முடியும்வரை இருக்கும். வணிகமுத்திரை அப்படியல்ல. இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்பார்களே, அதுதான். கடையில் பெயர் புழங்க வேண்டும். கேப்டன் பதின்மூன்று ஆண்டுகள் கடையில் இல்லை. 1966இல் ஒரு சிறு நிறுவனம், கை கால்கள் தனித்தனியே கழன்று பறக்கும் ஓர் இயந்திர மனிதனுக்கு அந்தப் பெயரை வைத்தது. மார்வெல் காமிக்ஸ் என்ற இன்னொரு சித்திரக்கதை நிறுவனத்துக்கோ அது தன் பெயரே அல்லவா? 1967இல் ஸ்டான் லீயும் ஜீன் கோலனும் மார்-வெல் என்ற வேற்றுக்கிரக வீரனை உருவாக்கினார்கள். முத்திரை அங்கே போய்விட்டது.

1972இல் விசித்திரம் ஒன்று நடந்தது. வழக்குப் போட்ட அதே நிறுவனம், இப்போது டிசி என்று நாம் அறிவது, பழைய கேப்டனை ஃபாசெட்டிடமிருந்து உரிமத்துக்கு வாங்கியது. கொன்றவர்களே எழுப்பினார்கள். ஆனால் அட்டையில் அவன் பெயரை இதழின் பெயராகப் போட முடியாது. 'ஷசாம்' என்று பெரிதாகப் போட்டு, கீழே 'அசல் கேப்டன் மார்வெல்' என்றார்கள். மார்வெல் ஆட்சேபித்தது, சில இதழ்களுக்குப் பிறகு அந்த வரியும் போயிற்று. உள்ளே பக்கங்களில் மட்டும் அவன் கேப்டன் மார்வெலாகவே வாழ்ந்தான்.

மார்வெல் பக்கமும் கிணற்றை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மார்-வெல் 1982இல் கதையில் புற்றுநோயால் இறந்தான். அதே ஆண்டில் மோனிகா ராம்போ என்ற பெண் அந்தப் பெயரை ஏற்றாள். இன்னும் சிலர் கடந்து 2012இல் கரோல் டான்வர்ஸ் வந்தாள். அதே 2012இல்தான், அட்டையைப் பார்த்து எல்லாரும் ஷசாம் என்றே அழைக்கிறார்கள் என்று டிசி தன் வீரனுக்கு அதையே பெயராக்கியது.

ஆனால் ஷசாம் அவனை மாற்றும் மந்திரம். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளப் போனால் மின்னல் இறங்கிவிடுமே! 1940களிலேயே அவன் தம்பி மாதிரி வந்த கேப்டன் மார்வெல் ஜூனியருக்கு இதே கஷ்டம் இருந்தது. அவனுடைய மந்திரமே 'கேப்டன் மார்வெல்' என்பதுதான்.

2019 மார்ச்சில் கரோலின் திரைப்படம் வந்தது. ஏப்ரலில் பில்லியின் படம். அதில் பில்லியின் நண்பன், இந்த வீரனை என்னவென்று அழைப்பது என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

நன்றி, வணக்கம்.