மாரியோவில் குதிக்கக் கற்றுக்கொள்வது எப்படி? (1-1ஐ வைத்து ஒரு பாடம்)

[திரையில்: கருப்புப் பின்னணியில் 1-1 என்ற எழுத்து. அடுத்த நொடி நீல வானம், இடது ஓரத்தில் மாரியோ]

இந்த ஸ்க்ரீனைத் தெரியாதவர்கள் குறைவு. 1-1, அதாவது முதல் உலகத்தின் முதல் லெவல். சூப்பர் மாரியோ பிரதர்ஸ், 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் பெட்டிக்காக வெளிவந்த கேம். வடிவமைத்தவர்கள் ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா. இசை கோஜி கொண்டோ. வரலாறு இத்தோடு போதும், ஏனென்றால் இந்த வீடியோ வரலாறு பற்றியது இல்லை. வருஷக்கணக்காக ஆடியும் நான்காவது உலகத்தைத் தாண்டாமல் ஏன் செத்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்பது பற்றியது.

என் கணிப்பு ஒன்றுதான். உங்களுக்குக் குதிக்கத் தெரியவில்லை. கோபப்படாதீர்கள், முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. ஏ பட்டனைத் தட்டினால் குதிக்கிறான், அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஏ பட்டன் தட்டுகிற பட்டன் இல்லை, பிடித்திருக்கிற பட்டன்.

[திரையில்: மாரியோ நின்ற இடத்தில் இரண்டு முறை குதிக்கிறான். முதலில் சும்மா தட்டி, அடுத்து அழுத்திப் பிடித்து]

வித்தியாசம் தெரிகிறதா? முதல் குதி ஒரு பிளாக் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டாவது நான்கு பிளாக். இரண்டும் ஒரே பட்டன்தான், விரலை எடுத்த நேரம் மட்டும் வேறு.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், கொஞ்சம் கணக்கு வரும், பயப்பட வேண்டாம். இந்த கேம் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடுகிறது. நின்ற இடத்தில் குதித்தால் மாரியோ ஃபிரேமுக்கு 4 பிக்சல் வேகத்தில் மேலே கிளம்புகிறான். நீங்கள் ஏ பட்டனைப் பிடித்திருக்கும்வரை அந்த வேகம் ஃபிரேமுக்கு எட்டில் ஒரு பங்கு பிக்சல் வீதம் மெதுவாகக் குறையும், கூட்டிப் பார்த்தால் உச்சி 64 பிக்சல், பிளாக் ஒன்றுக்கு 16 பிக்சல், அதாவது சரியாக நான்கு பிளாக். பட்டனை விட்ட நொடியில் புவியீர்ப்பு மாறிவிடுகிறது. மூன்றரை மடங்கு கனம். மேலே போய்க்கொண்டிருப்பவனை யாரோ காலைப் பிடித்து இழுப்பதுபோல் உடனே கீழே வருகிறான். நீங்கள் பட்டனை விடாவிட்டாலும் உச்சியைத் தாண்டியதும் அதே கனம்தான். அதனால்தான் மாரியோ ஏறும்போது மிதப்பதுபோலவும் இறங்கும்போது கல் விழுவதுபோலவும் இருக்கிறான். நிஜ உலகத்தில் எந்தப் பொருளும் இப்படி நடந்துகொள்ளாது, ஆனால் ஆடும்போது இதுதான் சரி என்று கை நம்புகிறது. மேலே போகும்போது எங்கே இறங்கலாம் என்று யோசிக்க நேரம் கிடைக்கிறது, கீழே வரும்போது காத்திருக்க வேண்டியதில்லை. பொய்யான இயற்பியல்தான், ஆனால் பிரமாதமான பொய்.

இதோடு ஒரு பக்கக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் நிறையப் பேர் மாரியோவை அசல் ஃபேமிகாமில் ஆடவில்லை, 'டிவி கேம்' என்று விற்ற நகல் பெட்டியில், ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாக மேலே ஒட்டிய கேசட்டில் ஆடினோம். அந்த ரிமோட்களில் ஏ, பி தவிர இன்னும் இரண்டு பட்டன் இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? டர்போ பட்டன்கள். பிடித்திருந்தாலும் படபடவென்று தட்டித் தட்டி விடுவதுபோல் சிக்னல் அனுப்பும். சுடுகிற கேமுக்கு அருமை. மாரியோவுக்கு விஷம், ஏனென்றால் அந்தப் பட்டனில் குதித்தால் கேமுக்கு நீங்கள் விரலை எடுத்துவிட்டதாகத்தான் தெரியும், குட்டிக் குட்டிக் குதியாகத்தான் வரும். 'இந்தப் பெட்டியில் மாரியோ சரியாகக் குதிக்க மாட்டேன் என்கிறான்' என்று குறைபட்ட வீடுகளில் பாதியிலாவது யாரோ டர்போவை அழுத்திக்கொண்டிருந்திருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

[திரையில்: 1-1, முதல் எதிரியான கூம்பா நடந்து வருகிறது]

சரி, லெவலுக்கு வருவோம். 1-1 ஒரு பாடம் என்று எல்லாரும் சொல்வார்கள். என்ன பாடம் என்று பார்த்தால் பெரும்பாலும் இந்தக் கூம்பாவோடும் மாரியோவைப் பெரிதாக்கும் காளானோடும் நிறுத்திவிடுவார்கள். அதுவும் நல்ல பகுதிதான், மறுக்கவில்லை. பிளாக்கை முட்டினால் காளான் வலது பக்கம் ஓடுகிறது, கீழே விழுந்து முதல் பைப்பில் மோதித் திரும்பி உங்களை நோக்கியே வருகிறது. எதிரி என்று பயந்து குதித்தாலும் தலைக்கு மேல் பிளாக் வரிசை இருப்பதால் முட்டிக்கொண்டு அதன் மேலேயே விழ வாய்ப்பு அதிகம். பயந்தவனுக்கும் பரிசு கிடைத்துவிடுகிறது.

எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருவது. பைப்களைக் கவனியுங்கள்.

[திரையில்: வரிசையாக நான்கு பைப்கள், பக்கத்தில் உயரம் குறித்த கோடு]

முதல் பைப் இரண்டு பிளாக் உயரம். அடுத்தது மூன்று. அதற்கடுத்தது நான்கு, நான்காவதும் நான்கு. இப்போது மேலே சொன்ன கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். நின்று குதித்தால் அதிகபட்சம் நான்கு பிளாக். அதாவது முதல் பைப்பைக் கொஞ்சம் பிடித்தாலே தாண்டலாம், இரண்டாவதுக்கு இன்னும் கொஞ்சம் பிடிக்க வேண்டும், மூன்றாவதுக்கு விரலை எடுக்கவே கூடாது. யாரும் எதுவும் எழுதிக் காட்டவில்லை, ஆனால் மூன்றாவது பைப்புக்கு மேல் நிற்கும்போது உங்கள் கட்டைவிரலுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இடையில் கூம்பாக்களும் கூடிக்கொண்டே போகும், இரண்டாவது பைப்புக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒன்று, அடுத்த இடைவெளியில் இரண்டு. நான்காவது பைப்பின் மேல் நின்று கீழ் அம்புக்குறியை அழுத்தினால் உள்ளே போகலாம் என்பது உங்களுக்கே தெரியும், காயின் அறை. வெளியே வரும்போது லெவல் முடியும் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள். கற்றுக்கொள்ளும்போது தயவுசெய்து போகாதீர்கள், நடுவில் இருக்கிற நல்ல பயிற்சி எல்லாம் போய்விடும்.

என்ன பயிற்சி என்றால், இதுதான்.

[திரையில்: லெவலின் கடைசிப் பகுதி, இரண்டு ஜோடிப் படிக்கட்டுகள்]

எதிரெதிராக இரண்டு படிக்கட்டு. நடுவில் இடைவெளி, ஆனால் கீழே தரை இருக்கிறது. தவறி விழுந்தால் ஒன்றும் ஆகாது, ஏறி வந்து மறுபடி குதிக்கலாம். அதைத் தாண்டியதும் கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொரு ஜோடி, இந்த முறை நடுவில் பள்ளம். விழுந்தால் ஒரு லைஃப் போச்சு. முதலில் வலை கட்டிப் பழக்கிவிட்டு அப்புறம் வலையை எடுத்துவிடுகிறார்கள். சொல்லப்போனால் 1-1இல் இதைவிட நேர்மையான இடம் வேறு இல்லை.

இனி ஓட்டம். பி பட்டனைப் பிடித்தால் மாரியோ ஓடுவான் என்பது தெரியும். நடை ஃபிரேமுக்கு ஒன்றரை பிக்சல், ஓட்டம் இரண்டரை. பலருக்குத் தெரியாதது, ஓடிக்கொண்டே குதித்தால் தூரம் மட்டுமல்ல, உயரமும் கூடும். கிளம்பும் வேகம் 4 பிக்சலுக்குப் பதில் 5, உச்சி நான்கு பிளாக்குக்குப் பதில் ஐந்து. இன்னொன்று, இது ரொம்ப முக்கியம், நடந்துகொண்டே குதித்துவிட்டு காற்றில் இருக்கும்போது பி-ஐ அழுத்தினால் ஓட்ட வேகம் வராது. வேகத்தைத் தரையில்தான் சேர்க்க வேண்டும். பள்ளத்தின் விளிம்புக்கு நடந்து வந்து கடைசி நொடியில் பி, ஏ இரண்டையும் பதறி அழுத்துகிறவர்கள் எல்லாரும் உள்ளே விழுவது இதனால்தான். பட்டன் வேலை செய்யவில்லை என்று ரிமோட்டைத் திட்டிப் பயன் இல்லை.

அப்படியென்றால் என்ன செய்வது? பி-ஐ விடவே விடாதீர்கள். கட்டைவிரல் நுனி பி மேல் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கட்டும், அதே விரலின் கீழ் மூட்டைச் சாய்த்து ஏ-ஐ அழுத்துங்கள். ரிமோட்டில் பி இடது, ஏ வலது என்று வைத்திருப்பதால் இது இயல்பாக வரும். முதலில் கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும், ஒரு மாலை ஆடினால் பழகிவிடும். அப்புறம் நெருப்புப் பூவை எடுத்தால் சுடுவதும் இதே பி பட்டன்தானே, சுட விரலை எடுத்தால் வேகம் போய்விடாதா என்று கேட்பீர்கள். போகாது. பி-ஐ விட்டபிறகும் பத்து ஃபிரேம் வரை கேம் உங்களை ஓடுகிறவனாகவே கணக்கில் வைத்திருக்கும், அதற்குள் தட்டி மறுபடி பிடித்துவிட்டால் ஓட்டம் குறையாமலே சுடலாம்.

ஓட இடம் வேண்டுமே என்றால், ஸ்க்ரீன் பின்னால் நகராது என்பது உண்மைதான், ஆனால் மாரியோ எப்போதும் நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் இருப்பான், கிட்டத்தட்ட அரை ஸ்க்ரீன் அளவு பின்வாங்க இடம் இருக்கும். பின்வாங்கி ஓடி வந்து குதியுங்கள். நேரம் போய்விடுமே என்று பதறவும் வேண்டாம், மேலே ஓடும் அந்த 400 நொடிக்கணக்கு இல்லை, 24 ஃபிரேமுக்கு ஒன்றுதான் குறைகிறது, மொத்தம் இரண்டு நிமிடம் நாற்பது நொடி. குறைவாகத் தோன்றலாம். பி-ஐப் பிடித்துக்கொண்டே ஓடுகிறவனுக்கு 1-1இல் அதில் பாதிகூடத் தேவைப்படாது.

[திரையில்: மேகத்தையும் புதரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த படம்]

இதைக் காட்டாமல் போக மனசு வரவில்லை. மேகமும் புதரும் ஒரே படம், நிறம் மட்டும் மாற்றியது. கூம்பா நடப்பது இரண்டு படம் இல்லை, ஒரே படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுவது. மொத்த கேசட்டும் 40 கிலோபைட். 32 லெவல், இசை, இந்தக் குதி எல்லாம் அதற்குள். இன்று வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படம் ஒன்று இதைவிடப் பெரிதாக இருக்கும்.

இனி உங்கள் அடுத்த கேள்வி, 1-2இல் கூரைமேல் ஓடி, உலகங்களைத் தாண்டிக் கொண்டுபோகும் பைப்கள் இருக்கிற வார்ப் ஸோனுக்குப் போய் நேராக நான்காவது உலகத்துக்குப் போகலாமா? போகலாம், எல்லாரும் அப்படித்தான் ஆடினோம். அதனால்தான் நான்காவது உலகத்திலேயே செத்தோம். நடுவில் 3-1இல் சுத்தியல் எறியும் எதிரிகளான சுத்தியல் அண்ணன் தம்பிகள் முதல்முறை வருவார்கள், செங்கல் வரிசைமேல் அவர்கள் நிற்கும்போது கீழிருந்து அந்தச் செங்கலை முட்டினாலே காலி, அல்லது அவர்கள் மேலே குதிக்கும் நேரம் பார்த்து அடியில் ஓடிவிடலாம். இதை அங்கே பழகாமல் 8-3க்குப் போனால் கண்ணீர்தான். அதே 3-1இன் கடைசிப் படிக்கட்டில் இறங்கி வரும் ஆமையைச் சரியான படியில் மிதித்தால் அதன் ஓடு சுவரில் மோதி மோதித் திரும்பும், அதன்மேல் குதித்துக்கொண்டே லைஃப் சேர்க்கலாம். பேராசை வேண்டாம், 127ஐத் தாண்டினால் கணக்குக் குழம்பி அடுத்து செத்ததும் கேம் ஓவர்.

லைஃப் எல்லாம் தீர்ந்தால் மறுபடி 1-1 என்று நினைக்க வேண்டாம். தலைப்பு ஸ்க்ரீனில் ஏ-ஐப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் அழுத்துங்கள், செத்த உலகத்தின் முதல் லெவலிலிருந்து தொடங்கும். 5-3இல் செத்தால் 5-1. இது தெரியாமல் ஒரு தலைமுறையே முதலிலிருந்து ஆடியது.

கோட்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 4-4, 7-4, 8-4 மூன்றும் சுற்றிச் சுற்றி வருகிற புதிர்ப்பாதை, எந்தப் பாதையில் போனீர்கள் என்று ஞாபகம் வைத்தால் போதும். கோட்டையின் கடைசியில் பாலத்தின்மேல் நிற்கும் வில்லன் பவுசரைக் கொல்ல வேண்டியதே இல்லை, ஓடி வந்து அவன் குதிக்கும்போது அடியில் புகுந்து கோடாரியைத் தொட்டால் பாலம் விழுந்துவிடும். இங்கும் வேலை செய்வது அதே ஓட்டம்தான்.

இன்று ஆட வேண்டுமென்றால் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கேம் பெட்டியில் அவர்களுடைய ஆன்லைன் சந்தாவில் இந்த கேம் இருக்கிறது. பின்னோக்கிச் சுழற்றும் வசதியும் உண்டு, ஒரே பள்ளத்தைத் திரும்பத் திரும்பப் பழக அது நல்லது. எல்இடி டிவியில் ஆடினால் முதலில் கேம் மோடைப் போடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் அழுத்துவதற்கும் மாரியோ குதிப்பதற்கும் நடுவில் சில ஃபிரேம் தாமதம் வரும், பழைய டப்பா டிவியில் அந்தப் பிரச்சினை இருந்ததில்லை.

[திரையில்: தலைப்பு ஸ்க்ரீன், பி-ஐ அழுத்த உலக எண் மாறுகிறது]

8-4ஐ முடித்துவிட்டால் கேம் முடியாது. தலைப்பு ஸ்க்ரீனுக்குத் திரும்பியதும் பி-ஐ அழுத்தி எந்த உலகத்திலிருந்து தொடங்குவது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம், நேராக 8-1க்குப் போய் அங்கிருக்கும் அகலமான பள்ளங்களில் ஐந்து பிளாக் குதியைச் சோதித்துப் பாருங்கள். 1-1ஐயே தேர்ந்தெடுத்தால் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. முதலில் நடந்து வருவது கூம்பா இல்லை, பஸ்ஸி பீட்டில், கறுப்பு ஓட்டுக்காரன், நெருப்பு அவனை ஒன்றும் செய்யாது.