கிழவன் புகை டெஸ்டில் பாஸ்! "நேர் பைப் போடுங்க அண்ணே" கோஷ்டிக்கு

வணக்கம் மக்களே. கையில் இருக்கிற கடதாசியைப் பார்த்தீர்களா? புகைச் சான்றிதழ். நம்ம பழைய லொறி கிழவனுடையது. போன வீடியோவுக்குக் கீழே "சைலன்சரைக் கழற்றி நேர் பைப் போடுங்க, புகை தானாகக் குறையும்" என்று எழுதின தம்பிமாரே, கொஞ்சம் கிட்ட வந்து பாருங்கள்.

கிழவன் பழைய கென்டர், 4டி32 எஞ்சின். அதன் சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்கிற சாமான் எதுவும் கிடையாது. சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அதைக் கழற்றினால் அதே புகை, கூடவே ஊரைக் கூட்டுகிற சத்தம். டிபிஎப், அதாவது புகையிலிருக்கிற கரியைப் பிடித்து வைக்கிற பில்டர், பூட்டி வருகிற புது லொறிகளின் கதை வேறு. அதைக் கழற்றினால் கரி முழுக்க வெளியே வரும்.

டெஸ்டில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால் இந்தப் பேச்சே வராது. பெட்ரோல் வண்டிக்குக் காபன் மோனொக்சைட்டும் ஹைட்ரோகாபனும் பார்ப்பார்கள். டீசலுக்குப் புகையின் கறுப்புத்தான் கணக்கு. நியூட்ரலில் விட்டு, அக்சிலேட்டரை ஒரே மூச்சில் அடிவரைக்கும் மிதிக்கச் சொல்வார்கள். பைப்பில் செருகின குழாய் புகையை இழுக்கும், மெஷின் அதற்குள் வெளிச்சத்தை விட்டு எவ்வளவு மறைபடுகிறது என்று அளக்கும். கே பெறுமானம் என்பது அதுதான். 2008 இல் இலங்கையில் இந்தப் புகை டெஸ்ட் திட்டம் தொடங்கினது. சான்றிதழ் இல்லாமல் வண்டிக்கு வருஷ லைசன்ஸ் எடுக்க ஏலாது.

அப்போ கறுப்புப் புகை எங்கிருந்து வருகிறது? டீசல் கூடுதல், காற்றுக் குறைவு. அடுப்பில் விறகை அடைத்துவிட்டு ஊதாமல் இருந்தால் புகையாமல் என்ன செய்யும்? நான் செய்ததெல்லாம் இதுதான்: டீசல் பம்பை அளவு சரிபார்க்கிற கலிபரேஷனுக்குக் கொடுத்தேன், எஞ்சினுக்குள் டீசலைத் தூவுகிற நோசில் நாலையும் பிரஷர் பார்த்தேன், ஏர் பில்டரை மாற்றினேன். ஒரு நோசில் தூவாமல் ஒழுகிக்கொண்டு நின்றது. அந்த ஒன்றுதான் எல்லாக் கரிக்கும் காரணம்.

ஆ, ஒன்றை விட்டுவிட்டேன். எஞ்சினைச் சூடாக்காமல் டெஸ்டுக்குள் போகாதீர்கள். நான் சீனன்குடாப் பக்கம் ஒரு ஓட்டம் ஓடிவிட்டுத்தான் போனேன். குளிர்ந்த எஞ்சினை அப்படி மிதித்தால் நல்ல வண்டியும் புகையைக் கூடுதலாகத்தான் கக்கும்.

இனி ரப்பர் கதை. சைலன்சரைத் தொங்கவிடுகிற ரப்பர், உள்ளங்கை அளவு. அது அறுந்து, பைப் ஆடி, மூட்டில் வெடிப்பு விட்டிருந்தது. வெடிப்பு இருந்தால் வெளிக்காற்று கலந்து மீட்டர் பொய் சொல்லும், அதனால் ஒட்டுப் பிடித்தேன். சரி, ரப்பர் வாங்கலாம் என்று போனால் முதல் கடையில் 1,400 ரூபா! ஜப்பான் சாமானாம். புரட்டிப் பார்க்கிறேன், ஒரு எழுத்துக் கிடையாது. "அண்ணே, ஜப்பான்காரன் பேரை எங்கே எழுதினவன்?" என்று கேட்டேன், மனுஷன் சிரிக்கவே இல்லை. அடுத்த கடையில் அதே ரப்பர், அதே கறுப்பு, அதே இரண்டு ஓட்டை, 450. மிச்சம் 950. நோசிலுக்குக் கொடுத்த காசைவிட இந்த 950தான் எனக்கு இனிக்கிறது, என்ன செய்ய?

எனக்குப் பிடிக்காத இன்னொரு கூட்டம் இருக்கிறது. டெஸ்டுக்கு முதல் நாள் பம்ப் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் குறைப்பார்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் திருப்பிக் கூட்டிவிடுவார்கள். கேட்டால் "லோட்டோடு மாத்தளை ஏற்றம் ஏற வேண்டாமா?" என்பார்கள். ஏறுங்கள். ஆனால் கிண்ணியாப் பாலத்தில் உங்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் பிள்ளையை வைத்துக்கொண்டு வருகிறவன் முகத்தைக் கண்ணாடியில் ஒருக்கா பாருங்கள்.

சத்தப் பைப் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. 2025 தொடக்கத்தில் பொலிஸ் இறங்கி, சத்தப் பைப், கலர் லைட் எல்லாம் கழற்ற வைத்தது ஞாபகம் இருக்குமே. காசு கொடுத்துப் பூட்டி, ரோட்டோரத்தில் நின்று கழற்றுவதில் என்ன ஸ்டைல்?

லைசன்ஸ் இன்னும் எடுக்கவில்லை. லொறி என்றபடியால் தகுதிச் சான்றிதழும் வேண்டும். கிழவனுக்கு ஹேண்ட் பிரேக் பிடிக்குதில்லை. நாளைக்கு அதைக் கழற்றுகிறோம், கமராவோடு.