மூச்சுக்காற்றில் ஒரு பொய்: விண்வெளிக் குடியிருப்பில் ஏமாற்றுதலும் சந்தேகமும்

[திரையில்: அரையிருட்டான நடைபாதை. சுவரில் சிறிய பலகை. பச்சை விளக்கு.]

சுவரில் இருக்கும் இந்தப் பலகையைப் பாருங்கள். ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. கரியமில வாயு, இயல்பு. விளக்கு பச்சை.

இடம், செவ்வாயின் தரைக்கு அடியில் நாற்பது பேர் வாழும் ஒரு கற்பனைக் குடியிருப்பு. இந்த வாரம் மூன்று பேர் தலைவலி என்று மருத்துவரிடம் வந்துவிட்டார்கள். கணக்கு வழக்கில் புலியான ஒருவர் சின்னக் கூட்டலில் தடுமாறுகிறார். காற்றைக் கவனிக்கும் பொறியாளரை மருத்துவர் நடைபாதையில் நிறுத்திக் கேட்கிறார். "பலகை பச்சையாகத்தானே இருக்கிறது, டாக்டர்?" என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடுகிறார்.

மருத்துவர் தன் அறைக்குப் போய், மூலையில் கிடந்த ஒரு கைமீட்டரைத் தேடி எடுக்கிறார். அது வேறு எண் காட்டுகிறது.

பலகையை நம்புவதா, மீட்டரை நம்புவதா, மனிதரை நம்புவதா?

நம் ஊரிலோ வீட்டிலோ இப்படி ஒரு சந்தேகம் வந்தால் ஜன்னலைத் திறந்துவிடலாம். செவ்வாயில் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் காற்றில் ஏறக்குறைய 95 விழுக்காடு கரியமில வாயுதான். அழுத்தமோ பூமியில் இருப்பதில் ஒரு விழுக்காடுகூட இல்லை. கவச உடை இல்லாமல் வெளியே போனால் பத்துப் பதினைந்து விநாடிகளில் நினைவு தப்பும். அங்கே வாழ்கிறவருக்கு வெளியுலகம் என்பதே யாரோ ஒருவர் சொல்லும் எண்தான். காற்று நன்றாக இருக்கிறது, தண்ணீர் சுத்தமாக இருக்கிறது, கதவு இறுகியிருக்கிறது என்று யாரோ சொல்கிறார்கள், மற்றவர்கள் மூச்சு விடுகிறார்கள். பொய்க்கு அங்கே இவ்வளவு கனம் வருவது அதனால்தான்.

பொய்யைப் பற்றிப் பேசுவதற்கு முன் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிக்காற்றில் கரியமில வாயு சுமார் 0.04 விழுக்காடு. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் அது பல சமயம் இதைப்போலப் பத்து மடங்கு வரை இருக்கும். தலைவலி என்று வீரர்கள் சொன்னதால், அனுமதிக்கும் அளவையே பிற்பாடு குறைத்தார்கள். இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. காற்று கெடும்போது முதலில் மங்குவது, காற்று கெட்டிருக்கிறதா என்று யோசிக்க வேண்டிய அதே மூளை. ஏமாற்றப்பட்டவருக்கு எரிச்சல் வரும், பக்கத்தில் இருப்பவர்மேல் சந்தேகம் வரும். அது நியாயமான சந்தேகமா, கெட்ட காற்றின் வேலையா என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

சரி, நம் பொறியாளரிடம் திரும்புவோம். அவர் சதிகாரர் இல்லை. இரண்டு சுத்திகரிப்பான்களில் ஒன்று தேய்ந்துகொண்டு வருவது பத்து நாளாகவே அவருக்குத் தெரியும். தலைவரிடம் சொல்லியும் விட்டார். தலைவர் நாள்காட்டியைப் பார்த்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே சூரியன் வந்து நிற்கும். அப்போது சுமார் இரண்டு வாரம் தகவல் தொடர்பை நம்ப முடியாது. இன்று அங்கே சுற்றிக்கொண்டிருக்கும் கருவிகளுக்கே அந்த நாட்களில் கட்டளை அனுப்புவதை நிறுத்தி வைக்கிறார்கள். நம் குடியிருப்பு இப்போது அந்த இரண்டு வாரத்துக்குள் இருக்கிறது. மற்ற நாளில்கூட ஒரு கேள்வி பூமிக்குப் போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும், பதில் வர மறுபடி அவ்வளவு. இப்போது அதுவும் இல்லை.

தலைவர் சொல்கிறார்: "மாற்றுப் பாகம் செய்ய எத்தனை நாள்? பன்னிரண்டா? அதுவரை பலகை பச்சையாகவே இருக்கட்டும். பயந்துபோனால் எல்லோரும் வேகமாக மூச்சு விடுவார்கள். அதுவும் நமக்கு நஷ்டம்தான்."

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா?

[திரையில்: பூமியைச் சுற்றும் ஸ்கைலாப் நிலையம்.]

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1973 நவம்பர் 16 அன்று அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்கு மூன்றாவது குழு கிளம்பியது. ஜெரால்ட் கார், எட்வர்ட் கிப்சன், வில்லியம் போக். போன முதல் நாளே போக்குக்கு வாந்தி. விண்வெளியில் அது சாதாரணம்தான். ஆனால் தரையில் இருப்பவர்கள் கவலைப்பட்டு வேலைத்திட்டத்தையே மாற்றிவிடுவார்களே என்று, இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என வீரர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்தார்கள்.

அவர்கள் மறந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பேச்சு முழுவதும் அங்கிருந்த ஒலிப்பதிவுக் கருவியில் ஓடிக்கொண்டிருந்தது. பதிவு வழக்கம்போல் பூமிக்குப் போய்விட்டது. விண்வெளி வீரர்களின் தலைவராக இருந்த ஆலன் ஷெப்பர்ட் வானொலியிலேயே கண்டித்தார். தவறுதான் என்று கார் ஒப்புக்கொண்டார்.

ஒரு வாந்திப் பை, அவ்வளவுதான் விஷயம். ஆனாலும் அந்தப் பயணத்தின் தொடக்கமே கசந்துவிட்டது. தரையில் இருந்தவர்கள் வேலையை அள்ளிக் கொட்டினார்கள், மேலே இருந்தவர்கள் திணறினார்கள், இரு பக்கமும் வாய்திறந்து பேசவில்லை. ஆறு வாரம் கழித்து, டிசம்பர் 30 அன்று, மனம்விட்டுப் பேசிய பிறகுதான் நிலைமை சீரானது. அப்புறம் வேலை நன்றாகவே நடந்தது. 84 நாள் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். அவர்கள் வேண்டுமென்றே வானொலியை அணைத்துவிட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. அப்படி நடக்கவில்லை என்று வீரர்களே பலமுறை மறுத்துவிட்டார்கள். ஆனாலும் கதை ஓயவில்லை. ஒருமுறை மறைத்தவர் என்று பெயர் வாங்கிவிட்டால் அடுத்த மறுப்புக்கு மதிப்பு குறைவு.

அடுத்த உதாரணம் தரையிலேயே நடந்தது. என் கணக்கில், விண்வெளிக் குடியிருப்பைப் பற்றிக் கதை எழுத நினைக்கிற எவரும் முதலில் படிக்க வேண்டிய சம்பவம் இதுதான்.

[திரையில்: பாலைவனத்தில் பெரிய கண்ணாடிக் கட்டடம்.]

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம். பயோஸ்பியர் 2. ஒன்றேகால் ஹெக்டேருக்குச் சற்று மேல் பரப்பில், கண்ணாடியால் மூடிய ஒரு குட்டி உலகம். உள்ளே காடு, குட்டிக் கடல், வயல். 1991 செப்டம்பர் 26 அன்று எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கணக்கு இரண்டு ஆண்டு.

சில வாரங்களிலேயே ஒருவருக்கு விரல் நுனி இயந்திரத்தில் சிக்கியது. அறுவை சிகிச்சைக்கு வெளியே போய்ச் சில மணி நேரத்தில் திரும்பினார். திரும்பும்போது அவரோடு ஒரு பையும் உள்ளே போனது என்ற செய்தி பிற்பாடு வெளிவந்தது. கரியமில வாயுவை உறிஞ்சும் ஒரு கருவி சத்தமில்லாமல் உள்ளே வைக்கப்பட்டிருந்ததும் தெரியவந்தது. பையும் கருவியும் பெரிய குற்றங்கள் இல்லை. முன்கூட்டியே சொல்லியிருந்தால் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். சொல்லாததால், அதன் பிறகு அங்கே நடந்த உண்மையான ஆராய்ச்சியையும் பத்திரிகைகள் ஏமாற்றுவேலை என்றே பார்த்தன.

உள்ளே நிலைமை இன்னும் மோசம். ஆக்சிஜன் குறையத் தொடங்கியது. 20.9 விழுக்காட்டில் இருந்து பதினாறு மாதத்தில் சுமார் 14 விழுக்காட்டுக்கு இறங்கியது. படியேறினால் மூச்சு வாங்கும், இரவில் தூக்கம் கெடும். சாப்பாடும் பற்றாக்குறை. ஆக்சிஜன் எங்கே போகிறது என்று யாருக்கும் புரியவில்லை. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்கின்றன என்று வைத்துக்கொண்டால், அதே அளவுக்குக் கரியமில வாயு கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. ஆக்சிஜனும் இல்லை, அது மாறிய வாயுவும் இல்லை. திருட்டுப்போன மாதிரிதான்.

திருடன் அகப்பட்டான். கான்கிரீட் சுவர்! ஆக்சிஜனைத் தின்றது நுண்ணுயிர்கள்தான். அவை வெளிவிட்ட கரியமில வாயுவைப் புதுக் கான்கிரீட் சத்தமில்லாமல் உறிஞ்சிச் சுண்ணாம்புக் கல்லாக மாற்றிக்கொண்டிருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாலஸ் பிரோக்கரும் அவரிடம் படித்த ஜெஃப் செவரிங்ஹவுஸும் இதைக் கண்டுபிடித்தார்கள். 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்தப்பட்டது.

இதற்குள் எட்டுப் பேர் நான்கு, நான்கு என்று இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். நிர்வாகத்தோடு ஒத்துப்போவதா, எதிர்த்து நிற்பதா என்பதுதான் பிளவு. நெருங்கிய நண்பர்களாக உள்ளே போனவர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் நடந்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பயிர் வளர்த்தார்கள், கருவிகளைப் பராமரித்தார்கள். எதிர்க் கட்சிக்காரர் மூச்சுவிடும் காற்றில் யாரும் கை வைக்கவில்லை. அதே காற்றைத்தானே தானும் சுவாசிக்க வேண்டும்!

கதவைத் திறந்துவிட்டது பிற்பாடு, அதுவும் வெளியிலிருந்து. 1994 ஏப்ரலில் இரண்டாவது குழு உள்ளே இருந்தபோது, முதல் குழுவில் இருந்த இருவர் வந்து கதவுகளைத் திறந்துவிட்டார்கள், சில கண்ணாடிகளையும் உடைத்தார்கள். உள்ளே இருப்பவர்களின் பாதுகாப்புக்காகத்தான் செய்தோம் என்பது அவர்கள் தரப்பு. நாசவேலை என்பது நிர்வாகத்தின் தரப்பு.

விண்வெளியிலேயே இப்படி ஒரு சந்தேகம் கிளம்பியதும் உண்டு. 2018 ஆகஸ்ட் இறுதியில் விண்வெளி நிலையத்தில் அழுத்தம் மெதுவாக இறங்கியது. தேடிப் பார்த்தால், இணைந்திருந்த ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் ஓட்டை. துளைப்பானால் போட்டது போல இருந்தது. பசை வைத்து அடைத்தார்கள். காற்றுக் கசிவு சில மணி நேரத்தில் முடிந்தது, சந்தேகக் கசிவு ஆண்டுக் கணக்கில் ஓடியது. 2021-இல் ஒரு அமெரிக்க விண்வெளி வீராங்கனைமேலேயே ரஷ்ய ஊடகத்தில் பழி போட்டார்கள், நாசா அதைத் திட்டவட்டமாக மறுத்தது. நடுவில், நடந்தது என்னவென்று எங்களுக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டோம் என்ற தொனியில் ரஷ்ய விண்வெளி அமைப்பின் தலைவர் பேசியிருந்தார். வதந்திக்கு இதைவிடச் சத்தான உரம் கிடைக்காது.

[திரையில்: நான்கு மீட்டர்கள். ஒன்றின் நிறம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.]

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், விரல் விட்டு எண்ணுகிற அளவுதான்.

ஒரு மீட்டர் கெட்டுப்போனால் மூன்று மீட்டர் வைத்துப் பெரும்பான்மையைப் பார்க்கலாம். ஆனால் ஒன்று கெட்டுப்போவது வேறு, ஆளுக்கொரு பேச்சு பேசுவது வேறு. நம் தலைவர் மருத்துவரிடம் "காற்று சரி" என்கிறார், பொறியாளரிடம் "காற்று மோசம், மறைத்துவை" என்கிறார். பிறகு மருத்துவரும் பொறியாளரும் சந்தித்து, தலைவர் உன்னிடம் என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டால்? மருத்துவர் பக்கம் இருந்து பாருங்கள். தலைவர் பொய் சொன்னாரா, அல்லது தலைவர் சொன்னதாகப் பொறியாளர் பொய் சொல்கிறாரா? இரண்டும் அவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். மூன்று பேரில் ஒருவர் இரட்டை நாக்குக்காரர் என்றால், வாய்ப்பேச்சை மட்டும் வைத்து மற்ற இருவரும் உறுதியாக ஒரு முடிவுக்கு வரவே முடியாது. நான்காவது ஆள் வேண்டும். இரண்டு துரோகிகள் என்றால் ஏழு பேர்.

இதை லெஸ்லி லம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் மூவரும் 1982-இல் பைசாந்தியத் தளபதிகள் சிக்கல் என்ற பெயரில் எழுதினார்கள். விமானக் கணினிகளை நம்பகமாக்க நாசா பணம் கொடுத்து நடந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சி அது. நாசாவின் விண்வெளி ஓடத்தில் (ஸ்பேஸ் ஷட்டில்) ஐந்து கணினிகள் இருந்தன. நான்கு ஒரே மென்பொருளில் ஓடின. அந்த மென்பொருளிலேயே பிழை இருந்தால் என்ன செய்வது என்று, ஐந்தாவதில் தனியாக எழுதிய வேறு மென்பொருள். சந்தேகப்படுவதையே முறையாகச் செய்திருக்கிறார்கள் பாருங்கள்.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அடுத்தது. யாராலும் திருத்த முடியாத கையெழுத்தோடு ஒவ்வொரு செய்தியும் போனால், மூன்று பேரே போதும். ஒருவர் இருவரிடம் இரண்டு விதமாகச் சொன்னால் அவர் கையெழுத்தே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆக, நம் குடியிருப்பில் தலைவர் வாய்வழியாக உத்தரவு கொடுக்க முடியாதபடி, எல்லாம் பதிவேட்டில் கையெழுத்தோடு என்று வைத்திருந்தால், இந்தக் கதையே நடந்திருக்காது.

கதைகளில் வரும் துரோகி என்றாலே வேற்றுக்கிரகவாசி வேஷம் மாறி வந்தான், ஒற்றன் ஊடுருவினான் என்று போய்விடுகிறார்கள். எனக்கு அது அலுத்துவிட்டது. 1980-களில் மாஸ்கோவில் டிமிட்ரி டேவிடோவ் உருவாக்கிய மாஃபியா விளையாட்டு அந்த மாதிரி. ஒளிந்திருக்கும் சிலருக்கு ஒருவரையொருவர் தெரியும், மற்றவர்களுக்கு யாரையும் தெரியாது. கணித ஆய்வாளர்கள் 2008-இல் அதை அலசியபோது, கூட்டத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிய எண்ணிக்கையில் பொய்யர்கள் இருந்தாலே ஆட்டம் சமபலமாகிவிடும் என்று வந்தது. விளையாட ஜோர்தான். ஆனால் அதில் பிடிபட்டவரை வெளியேற்றினால் விஷயம் முடிந்தது. நிஜக் குடியிருப்பில் எங்கே வெளியேற்றுவது?

[திரையில்: மறுபடி அதே நடைபாதை.]

நம் மருத்துவர் கைமீட்டரைச் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேரும் எண்ணைப் பார்த்துவிட்டார்கள். கோபம். பொறியாளரை அறையில் பூட்டுங்கள் என்று ஒரு குரல். பூட்டலாம், ஆனால் சுத்திகரிப்பானைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பூட்டாமல் விட்டால், தான் சொல்லும் எண்ணை யாருமே நம்பாத நிலையில் அவர் எப்படி வேலை செய்வார்? கடைசியில், அவர் வேலை செய்வது, பக்கத்தில் இருவர் நிற்பது என்று முடிவாகிறது. ஒரு ஆளின் வேலைக்கு இனி மூன்று ஆள். நாற்பது பேரில் அந்த இரண்டு பேரின் நேரம் எங்கிருந்து வரும்? வயலில் இருந்து வரும். விளைச்சல் குறையும்.

தலைவரை மாற்றுகிறார்கள். பன்னிரண்டாம் நாள் புதுப் பாகம் பொருத்தியாகிவிட்டது. இரண்டு நாள் கழித்துப் பூமியின் குரலும் கேட்கிறது. காற்று சரியாகிவிட்டது, தலைவலி போய்விட்டது. பலகை பச்சை காட்டுகிறது, இந்த முறை நிஜப் பச்சை.

ஆறு மாதம் கழித்தும் ஆட்கள் படுக்கப் போகும் முன் கைமீட்டரை எடுத்து ஒருமுறை பார்க்கிறார்கள். பேட்டரி கையிருப்பு குறைந்துகொண்டே வருகிறது. பொறியாளர் சாப்பாட்டு அறைக்குள் வந்தால் பேச்சு ஒரு கணம் நின்று, பிறகு தொடர்கிறது. அவர் எதுவும் சொல்வதில்லை. தினமும் காலையில் அளவெடுக்கும்போது, தான் பார்ப்பதற்கு முன்பே மீட்டரைத் திருப்பி, பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுகிறார்.