எலிக்கு வாந்தி வராது, மூஞ்சூறுக்கு வரும்: கீமோவுக்கு முன்பே மாத்திரை ஏன்?

[திரையில்: சமையலறைச் சுவரோரம் ஓடும் மூஞ்சூறு]

எலியால் வாந்தி எடுக்க முடியாது. விழுங்கியது விழுங்கியதுதான். ஆனால் சுவரோரம் கீச்சிட்டுக்கொண்டு ஓடுகிறதே, பிள்ளையாரின் வாகனம், இந்த மூஞ்சூறு தாராளமாக வாந்தி எடுக்கும். கீமோ, அதாவது புற்றுநோய் மருந்து, ஏற்றிக்கொண்டவர் அன்றிரவே ரசம் சாதம் சாப்பிடுவதற்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு.

முதலில் பாடத்தை வேகமாக முடித்துவிடுகிறேன். சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்து ரத்தத்தில் கலந்ததும், குடல் சுவரின் சில செல்கள் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அது குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை உசுப்ப, நரம்பு மூளைத் தண்டுக்குச் செய்தி சொல்ல, அடுத்தது வாளிதான். இது முதல் 24 மணி நேரத்துக் கதை. இரண்டாம் நாளிலிருந்து ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற வேறொரு பொருள் மூளையில் ஆட்டத்தைத் தொடர்கிறது. தடுப்பு மருந்து இல்லாவிட்டால், சிஸ்பிளாட்டின் ஏற்றிக்கொள்பவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாந்தி எடுப்பார்கள். பாடம் முடிந்தது.

[திரையில்: கூண்டில் வெள்ளெலி, பக்கத்தில் களிமண்]

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. வாந்தியை நிறுத்தும் மருந்தைச் சோதிக்க, வாந்தி எடுக்கும் பிராணி வேண்டும். ஆய்வகம் முழுக்க இருப்பதோ எலி! சிஸ்பிளாட்டின் கொடுத்தால் எலி என்ன செய்யும் தெரியுமா? வெள்ளைக் களிமண்ணைத் தேடித் தின்னும். வெளியே தள்ள வழியில்லாத குமட்டலுக்கு அதுதான் அதன் வைத்தியம் போலிருக்கிறது. எத்தனை கிராம் மண் குறைந்தது என்று எடை போட்டு எலியின் குமட்டலை அளக்கிறார்கள். யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

நிஜமான வாந்திக்கு ஃபெரெட்டைப் பிடித்தார்கள். கீரியைப் போல நீண்ட உடம்புள்ள பிராணி அது. 1980களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் மூஞ்சூறைக் கொண்டுவந்தார்கள். கையளவு உடம்பு, கீமோ மருந்துக்கும் வாந்தி எடுக்கிறது, முன்னும் பின்னும் ஆட்டினாலும் எடுக்கிறது. மலைப்பாதை பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கேட்கும் ரகம். தான் போக வழியில்லாமல் விளக்குமாற்றைக் கவ்விய மூஞ்சூறு என்று பழமொழி கேலி செய்கிறது. இதுவோ மனிதனுக்கு வழி காட்டியது. பார்வைக்கு எலிக் குடும்பம் என்று நினைக்காதீர்கள், மூஞ்சூறு எலியே இல்லை. தெரியாதவர்கள் ஒரு லைக் போடுங்கள், தெரிந்தவர்கள் இரண்டு.

செரட்டோனின் வழியை அடைக்கும் ஆன்டன்செட்ரான் 1991இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சப்ஸ்டன்ஸ் பி வழியை அடைக்கும் அப்ரெபிட்டன்ட் 2003இல் வந்தது. கூடவே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ஓலான்சபின். கடைசியாகச் சொன்னது மனநல மருந்தாயிற்றே என்று மருந்துக்கடையில் பதற வேண்டாம், குமட்டலுக்கு அது அருமையாக வேலை செய்கிறது. ஒரே தொல்லை, தூக்கம். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையினர் 10 மில்லிகிராமுக்குப் பதிலாக 2.5 கொடுத்துப் பார்த்தார்கள். வாந்தித் தடுப்பு குறையவில்லை, தூக்கக் கலக்கம் குறைந்தது. 2024இல் வெளியான ஆய்வு இது. அளவை நீங்களாக மாற்றாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

[திரையில்: மூன்று கேப்சூல் கொண்ட அட்டை]

அப்ரெபிட்டன்ட் அட்டையைப் பாருங்கள். ஒன்று 125 மில்லிகிராம், மற்ற இரண்டும் 80. பெரியது கீமோவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, மற்றவை இரண்டாம், மூன்றாம் நாள். என் சித்தி பெரியதைப் போட்டுக்கொண்டார். அன்று வாந்தி வரவில்லை. “நன்றாகத்தானே இருக்கிறேன், விலை கூடுதலான மாத்திரையை ஏன் வீணாக்க வேண்டும்” என்று மீதி இரண்டையும் அடுத்த சைக்கிளுக்காக, அதாவது அடுத்த சுற்று கீமோவுக்காக, ஃபிரிட்ஜ் மேல் பத்திரப்படுத்திவிட்டார். மூன்றாம் நாள் தண்ணீர்கூடத் தங்கவில்லை. உங்கள் வீட்டில் இப்படி ஆனால் காத்திருக்காமல் மருத்துவமனையை அழையுங்கள்.

அதைவிட மோசம், உடம்பு அதை மறக்காது. ஒரு தடவை பட்டவருக்கு அடுத்த முறை ட்ரிப் ஏற்றும் முன்பே, வராந்தாவின் ஸ்பிரிட் வாடைக்கே குமட்டும். அந்த வகை வாந்திக்கு மாத்திரைகள் அவ்வளவாகக் கேட்பதில்லை. முதல் சைக்கிளிலேயே தடுத்தாக வேண்டும் என்று மருத்துவர்கள் நிற்பது இதனால்தான்.

சித்திக்கு இரண்டாம் சைக்கிளில் மூன்று கேப்சூலும் நாள் தவறாமல் போயின. மூன்றாம் நாள் மதியம் பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனைக்காக ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்திவிட்டு வந்தபோது தயிர்சாதத்தில் பாதி காலியாகியிருந்தது.