பழைய லாரிக்குப் பொருந்தும் வைப்பர்

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி மழை நெருங்கும்போது லாரி உதிரி பாகக் கடைகளில், முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் கேட்டு வருவோர் கூடிவிடுவார்கள். "லேலண்டு வண்டிக்கு ஒரு ஜோடி பிளேடு கொடுங்கண்ணே" என்று ஓட்டுநர் கேட்பார். கடைக்காரர் வண்டியின் மாடலை விசாரித்து ஒரு ஜோடியை எடுத்து வைப்பார். வண்டிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் அது பிளேடைத் தாங்கும் வைப்பர் கையில் மாட்டாது; மாட்டினாலும் கண்ணாடியை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சட்டத்தில் போய் இடிக்கும். பழைய வண்டி என்றால் இப்படித்தான் என்று பலர் அலுத்துக்கொண்டு, கிழிந்த ரப்பரோடே அடுத்த லோடுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த வண்டி மழையில் இரவெல்லாம் ஓடப்போகிறது என்பதை எண்ணும்போது எனக்குப் பெரும் கவலை ஏற்படுகிறது.

இன்றைய லாரிகளில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே கேபின் பொருத்தப்பட்டு வருகின்றன. முன்பெல்லாம் எஞ்சினும் முகப்புத் தகடும் கொண்ட சேஸிஸை (அடிச்சட்டத்தை) மட்டும் வாங்கி, நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் பட்டறைகளில் கேபினைக் கட்டிக்கொள்வதே வழக்கமாக இருந்தது. ஒரே நாளில் வெளிவந்த இரண்டு சேஸிஸ்கள் இரண்டு பட்டறைகளுக்குப் போயிருந்தால், அவற்றின் கண்ணாடி உயரமும் சாய்வும் வேறுபடும். வைப்பரின் தண்டு வெளியே வரும் துளைகூட வேறு இடத்தில் இருக்கும். ஆகவே, பழைய டாடா 1210 என்றோ லேலண்டு காமெட் என்றோ பெயர் சொல்லிக் கேட்பது எஞ்சின் சாமானுக்குப் போதுமானது, வைப்பருக்குப் போதாது. வைப்பரை அந்தக் கேபினை அளந்துதான் வாங்க வேண்டும்.

பழைய பிளேடு கையில் இருந்தால் அதைக் கழற்றிக் கடைக்கே எடுத்துச் செல்வது எல்லாவற்றிலும் நல்லது. கடைகளில் பிளேடின் நீளத்தை அங்குலத்தில்தான் சொல்கிறார்கள். 14, 16, 18, 20 என்று பல அளவுகள் உண்டு. பழைய பிளேடு தொலைந்திருந்தால், தண்டின் நடுவிலிருந்து கண்ணாடியின் மேல் விளிம்புக்கும் நடுச்சட்டத்துக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, வைப்பர் கையை மெல்ல அசைத்து அதன் வீச்சு எதுவரை போகிறது என்று சாக்பீசால் கண்ணாடியில் குறித்துக்கொள்ளுங்கள். ஓரங்குலம் கூடினால் சட்டத்தில் மோதி மோட்டாருக்குச் சுமை ஏறும். ஓரங்குலம் குறைந்தால், துடைபடாத பட்டை ஓட்டுநரின் கண்மட்டத்திலேயே நின்றுவிடக்கூடும். இரண்டில் ஒன்றைத்தான் ஏற்க வேண்டும் என்ற நிலை வந்தால், ஓட்டுநரின் பார்வைப் பரப்பு முழுவதும் துடைபடுகிறதா என்று பார்த்துவிட்டுக் குறைந்த அளவையே எடுத்துக்கொள்ளலாம்.

நீளம் சரியாக இருந்தும் பிளேடு மாட்டாமல் போவதற்கு வைப்பர் கையின் நுனியே காரணம். கார்களில் பரவலாகக் காணப்படும் கொக்கி நுனி ஒன்று. கை நேராக முடிந்து, சிறு திருகால் இறுக்கப்படுவது இன்னொன்று. பக்கவாட்டில் ஊசி நீட்டிக்கொண்டிருப்பது வேறொன்று. கொக்கியிலும் 9 மில்லிமீட்டர் அகலமுள்ளதும் 12 மில்லிமீட்டர் அகலமுள்ளதும் தனித்தனி. புதிய பிளேடுடன் வரும் பிளாஸ்டிக் இணைப்புத் துண்டுகள் சிலவற்றுக்குப் பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தா. பொருந்தாததைக் கம்பியால் கட்டி ஓட்டும் வழக்கத்தை அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள். வேகத்தில் அது கழன்றால், வெறும் இரும்புக் கை கண்ணாடியைக் கீறிவிடும். சட்டமில்லாத புதுவகைத் தட்டைப் பிளேடுகள் பார்வைக்கு அழகாக இருந்தாலும், அவை வளைந்த கண்ணாடிக்கு ஏற்ற வளைவுடன் செய்யப்பட்டவை. இரண்டு பாதியாக அமைந்த தட்டைக் கண்ணாடியில் அவற்றின் அழுத்தம் சீராகப் பரவாது. சிறு நகங்களால் ரப்பரைப் பிடித்திருக்கும் பழைய இரும்புச் சட்டப் பிளேடே அங்கு ஏற்றது.

புது பிளேடு போட்டும் நடுவில் நீர்க்கோடு நிற்கிறதென்றால், கையில் உள்ள ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். மோட்டார் சுற்றியும் கை அசையவில்லையென்றால், பெரும்பாலும் தண்டின் பற்களைப் பற்றியிருக்கும் கையின் தலைப்பகுதி தேய்ந்திருக்கும். தகரத்துண்டைச் செருகி நட்டை முறுக்கினால் அது ஒரு மழைக்குத் தாங்கலாம், ஆனால் தண்டின் பற்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும். கையை மாற்றும்போது தண்டின் பருமன், பற்களின் அமைப்பு, நட்டின் மரை ஆகிய மூன்றையும் பழையதோடு ஒப்பிட்டே வாங்க வேண்டும்.

மோட்டாரையே மாற்ற நேர்ந்தால் மின்னழுத்தத்தை முதலில் பாருங்கள். பழைய லாரிகளில் 12 வோல்ட்டும் உண்டு, 24 வோல்ட்டும் உண்டு. 12 வோல்ட் மோட்டாரை 24 வோல்ட்டில் இணைத்தால் அது விரைவிலேயே எரிந்துபோகும். சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டி.வி.எஸ். போன்ற நிறுவனங்கள் வைப்பர் மோட்டார்களைத் தயாரிக்கின்றன. புதியது பொருந்தாத மிகப் பழைய அமைப்பென்றால் சென்னைப் புதுப்பேட்டையில் கழித்த வண்டிகளின் சாமான்களிடையே தேடலாம். அங்கே மோட்டாரின் அசைவைக் கைக்குக் கொண்டுசெல்லும் லிங்கும் மோட்டாரும் கையும் வாங்கலாம்; ரப்பரை மட்டும் வாங்காதீர்கள்.

ரப்பர் ஓடாமலே கெடும் பொருள். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதை இறுகச் செய்து, ஓரத்தில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்குகின்றன. பழைய அளவுகள் மெதுவாக விற்பதால் கடை அலமாரியிலேயே ஆண்டுக்கணக்கில் தூங்கியவையும் உண்டு. உறையைப் பிரித்து, ரப்பரின் உதட்டை விரலால் மடக்கிப் பாருங்கள். இரு பக்கமும் எளிதாகச் சாய்ந்து உடனே நிமிர வேண்டும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 101-ஆம் விதி, முன்கண்ணாடி உள்ள வாகனத்தில் விசையால் இயங்கும் திறமான வைப்பர் இருக்க வேண்டும் என்கிறது. எஃப்.சி. என்னும் வாகனத் தகுதிச் சான்றுக்காக வண்டியைக் காட்டும் நாளுக்கென்று இரவல் பிளேடு மாட்டுவோர் இருக்கிறார்கள். அதே லாரி ஆடி மாதத்தில் மும்பைக்குப் போகும்போது, கண்டாலா மலைப்பாதையில் மழையும் மூடுபனியும் சேர்ந்து வரும், முன்னால் போகும் வண்டியின் சேறும் கண்ணாடியில் அடிக்கும். சேற்றை வெறும் வைப்பரால் துடைத்தால் மணல் உராய்ந்து கண்ணாடி மங்கிவிடுமாதலால், நீர் பீய்ச்சும் குழாய் அடைபட்டிருந்தால் அதையும் அன்றே சரிசெய்துவிடுங்கள்.

பிளேடைப் பொருத்தியபின் உலர்ந்த கண்ணாடியில் ஓட்டிப் பார்க்காமல், நன்றாக நீர் ஊற்றி இரண்டு வேகங்களிலும் இயக்கிப் பாருங்கள். பொருந்திய பிளேடின் நீளத்தையும் நுனியின் வகையையும் மோட்டாரின் வோல்ட்டையும் ஓட்டுநர் பக்கக் கதவின் உட்புறத்தில் பெயின்டால் எழுதி வையுங்கள். அடுத்த மழைக்கு வேறு ஓட்டுநர் வேறு மாநிலத்துக் கடையில் நின்றாலும், அந்த அளவைச் சொல்லிக் கேட்கலாம். நன்றி, வணக்கம்.