கிளீனர் சீட்டு காலியான கதை

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாமக்கல்ல எந்த லாரி ஆபீஸுக்குப் போனாலும் டிரைவர் கிடைக்கல, டிரைவர் கிடைக்கலன்னு இதே பேச்சுதான். வண்டி இருக்கு, லோடு இருக்கு, ஓட்ட ஆளில்லாம நிக்குது. பசங்க சோம்பேறி ஆயிட்டாங்கன்னு சொல்றாங்க, நான் அதை ஒத்துக்க மாட்டேனுங்க.

நம்ம ஊர்ல டிரைவர் உருவானது கிளீனர் சீட்டுல. மீசை அரும்புற வயசுல ஏறுவான், இரும்பு ராடால டயரைத் தட்டி சத்தத்தை வெச்சே காத்து இருக்கா இல்லையான்னு சொல்லுவான், மழை வர்றதுக்குள்ள தார்ப்பாய இழுத்துக் கட்டுவான், ரோட்டோரம் ஸ்டவ்வைப் பத்த வெச்சு சோறு வடிப்பான், ராத்திரி ரெண்டு மணிக்கு மேல டிரைவருக்குக் கண்ணு சொருகாம பேச்சுக் குடுத்துக்கிட்டே வருவான், அப்புறம் ஒரு நாள் லைசென்ஸ் எடுத்துட்டு அவனே ஸ்டியரிங்கப் புடிப்பான்.

அந்த சீட்டுதான் இப்ப காலி. டீசல், டோல், இன்சூரன்ஸ், டியூ எல்லாம் ஏறுது, வாடகை ஏறல, கடைசியில ஓனர் கை வெக்கிறது ஆள் கூலியிலதான். நேஷனல் பெர்மிட் வண்டிக்கு, அதாவது மாநிலம் தாண்டி ஓடுற வண்டிக்கு, ரெண்டு டிரைவர் வேணும்னு இருந்த விதியையும் 2018-ல எடுத்துட்டாங்க. இப்ப ஒத்த ஆளு டெல்லி வரைக்கும் ஓட்டிட்டுப் போறாரு. தூக்கம் வந்தா பங்க்ல ஓரங்கட்டிப் படுக்கலாம், ஆனா டீசல் டேங்கையும் பேட்டரியையும் யாரு பாத்துக்குறது? அரைத்தூக்கந்தான்.

ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு 1961-லயே சட்டம் போட்டாங்க. அதுவும் 5 பேராவது வேலை செஞ்ச நிறுவனத்துக்குத்தான் இருந்துச்சு, ஒரு வண்டி ரெண்டு வண்டி ஓனர்கிட்ட ஓட்டுனவருக்கு அது எட்டவே இல்ல. விபத்துல ஆளு செத்து, போலீஸுக்கும் சொல்லாம போயிட்டா 10 வருஷம் ஜெயில்னு புது குற்றவியல் சட்டத்துல வந்தப்ப, 2024 ஜனவரியில வடக்க வண்டியெல்லாம் நின்னுச்சு, அப்புறம்தான் அந்தப் பிரிவை நிறுத்தி வெச்சாங்க. ஓடிப்போறது தப்புதான், நான் இல்லைங்கல. ஆனா தனியா நின்னா கூட்டம் அடிச்சே கொன்னுருமேங்கற பயத்துக்கு யாரும் பதில் சொல்லலயே.

2025 அக்டோபர்ல இருந்து தயாராகுற லாரிக்கு கேபின் ஏசி கட்டாயம், வரவேற்கிறேன். ஆனா விடிய விடிய முழிச்சிருக்கிறவருக்கு ஏசி மட்டும் பத்தாது.

அமெரிக்காவுல டல்லாஸ் ஹூஸ்டன் ரூட்ல 2025-ல டிரைவரே இல்லாம லாரியை ஓட்டிட்டாங்க, நம்ம பொழப்பும் போயிருமான்னு பசங்க கேக்குறாங்க. எனக்கு அந்தக் கவலை அப்புறம். இங்க மெஷின் வர்றதுக்கு முன்னாடியே ஆளு தீந்துரும் போலிருக்கு.

ஓனருங்களுக்கு ஒரு வேண்டுகோள். வாடகை பேசுறப்ப டீசல், டோல் கணக்கோட ரெண்டாவது ஆளோட பேட்டாவையும் சேர்த்தே பேசுங்க, கம்பெனிக்காரங்க குறைக்கச் சொன்னா எல்லாரும் ஒண்ணா நில்லுங்க, ஒருத்தர் கம்மி ரேட்டுக்கு லோடு எடுத்தா மத்தவங்க கதை முடிஞ்சுது. டிரைவர் அண்ணன்மாரே, என் பையனை இந்தத் தொழிலுக்கு அனுப்ப மாட்டேன்னு வீட்டுக்குள்ள சொல்றீங்கல்ல, அதை ஓனர்கிட்ட நேருக்கு நேரா சொல்லுங்க, கூட ஒரு ஆளு, ஊருக்கு வந்தா நாலு நாள் லீவு, பிஎஃப், இதெல்லாம் குடுத்தா அனுப்புறேன்னும் சொல்லுங்க.