அடி படலை, ஆனாப் பட்ட மாதிரி தெரியணும்: கோபி பட்டிமன்றத்தில் ஓர் உரை

நடுவர் அய்யா அவர்களுக்கும், எதிரணியில உக்காந்திருக்கற ஒறம்பரைகளுக்கும், முன்வரிசையில கம்போட உக்காந்திருக்கற சிலம்பம் படிக்கற பொடுசுகளுக்கும் வணக்கமுங்க.

தலைப்பு என்னங்க? சண்டைக் கலைஞரைத் திரை நட்சத்திரமாக்குவது களத்தில் கற்ற கலையா, கேமரா முன்னால் கற்ற கலையா? நான் கேமரா கட்சி. எதிரணித் தலைவர் நாலு பேரைக் கூட்டியாந்து மேடையில நிறுத்திட்டுப் போயிட்டாரு. புரூஸ் லீ, எம்.ஜி.ஆர்., தாய்லாந்து டோனி ஜா, வாளையார் தாண்டிப் பாலக்காட்டுல களரி படிச்ச வித்யுத் ஜம்வால். "இவங்க கத்த வித்தையைக் கழிச்சுட்டா என்னங்க மிஞ்சும்?"னு கேட்டாரு. கைதட்டு பலமா விழுந்துச்சு. நானும் தட்டினேன். கேள்வி நல்ல கேள்விதான், பதில்தான் அவரு நெனைக்கற பக்கம் இல்லீங்க.

மொதல்ல கணக்கு. சினிமா ஒரு செகண்டுக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். நல்லாப் பழகுன ஆளு நேராக் குத்தற குத்து, கெளம்பிப் போய்ச் சேர ஏறக்குறைய செகண்டுல பத்துல ஒரு பங்குதான். அப்ப மொத்தக் குத்தும் ரெண்டு மூணு ஃபிரேம்ல முடிஞ்சு போச்சு. அந்த ஒவ்வொரு ஃபிரேமும் வழக்கமா செகண்டுல 48ல ஒரு பங்கு நேரம் வெளிச்சம் வாங்கும். அதுக்குள்ள கை ஓடிருது. பதியறது கையில்லைங்க, ஒரு மங்கல். இருவது வருசம் வேர்வை சிந்திச் சேத்த வேகம், திரையில ஒரு இழுசல்.

இது நான் இட்டுக்கட்டறது இல்லீங்க. 1966-67ல அமெரிக்க டிவியில 'தி கிரீன் ஹார்னெட்' தொடர். அதுல புரூஸ் லீ அடிச்ச வேகம் கேமராவுல புடிபடலை, கொஞ்சம் மெதுவா அடிங்கன்னு அவருகிட்டயே சொல்ல வேண்டியதாப் போச்சு. களத்துல வேகமே வெற்றி. செட்டுல அதே வேகம் ரீடேக். அவரு என்ன பண்ணுனாரு? கோவிச்சுட்டு ஊருக்குப் போகலை. அடிக்கு முன்னால ஒரு நிறுத்தம், அடிக்குப் பின்னால ஒரு நிறுத்தம், நடுவுல மின்னல். கண்ணு எங்க பாக்கணும்னு அந்த நிறுத்தம் சொல்லிக் குடுத்துரும். இதை அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தது? அப்பா கான்டனீஸ் ஓபரா நடிகர். புள்ளை கைக்குழந்தையாவே படத்துல தலைகாட்டுச்சு, சின்ன வயசுலயே ஹாங்காங் படங்கள்ல வரிசையா நடிச்சுது. இப் மான்ங்கற ஆசான்கிட்ட விங் சுன்ங்கற குங்ஃபூ வகை படிக்கப் போனது அதுக்கப்பறம். 1958ல ஹாங்காங்குல சா-சா டான்ஸ் போட்டியில பட்டம் வேற. எதிரணி குங்ஃபூவை மட்டும் எண்ணுனாங்க, நடிப்பையும் டான்ஸையும் கணக்குல விட்டுட்டாங்க.

முன்வரிசைப் பொடுசுகளுக்கு ஒண்ணு சொல்றேன், ஆசான் கோவிச்சுக்கப்படாது. செகண்டுக்கு நாலு சுத்து கம்பு சுத்தறீங்கன்னு வெச்சுக்குங்க. ஊரே வாயப் பொளக்கும். ஆனா கேமராவுல ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவுல கம்பு 60 டிகிரி தாவிருது. ஒவ்வொரு ஃபிரேம்லயும் 30 டிகிரிக்கு இழுசிக் கெடக்குது. கம்பே காணோம்! அதனாலதான் படத்துக்குச் சுத்தறப்ப வேகத்தைப் பாதியாக் கொறைக்கணும், முனையில ரெண்டு பக்கமும் கலர்த்துணி கட்டணும், நாலு சுத்துக்கு ஒருக்கா கம்பை ஒடம்போட ஒட்டி நிறுத்திக் காட்டணும். வேகம் பத்தலைன்னா, அதுக்குக் கேமராவுல வழி இருக்குதுங்க. 24க்குப் பதிலா 22 ஃபிரேம்ல எடுத்து 24ல ஓட்டுனா நூத்துக்கு ஒம்பது பங்கு வேகம் கூடும். 20ல எடுத்தா இருவது பங்கு. அதுக்குக் கீழ போனீங்க, தாவணியும் தலைமுடியும் படபடன்னு அடிச்சுக்கும், பின்னால நடந்து போற ஆளு பழைய மௌனப்படத்துல வர்றாப்பல துள்ளுவான். தியேட்டர் சிரிச்சுரும். சண்டைக்கு மட்டும் ஃபிரேம் கொறச்சு, அதே ஷாட்டுல பேச்சோ நடையோ வராமப் பாத்துக்கறது ஒரு தனிப் படிப்பு.

அடுத்தது தூரம். களத்துல குத்து சேரணும். செட்டுல சேரவே கூடாது. முகத்துக்கும் குத்தற கைமுட்டிக்கும் நடுவுல அரை அடியில இருந்து ஒரு அடி வரைக்கும் எடம் விடுவாங்க. அந்த இடைவெளி தெரியாம இருக்கோணும்னா கேமரா அடிக்கறவன் தோளுக்குப் பின்னாலயோ, அடி வாங்கறவன் தோளுக்குப் பின்னாலயோ நிக்கணும். அப்பத்தான் முட்டி முகத்தைக் குறுக்க வெட்டிப் போற மாதிரி வரும். கேமராவைப் பக்கவாட்டுல வெச்சீங்கன்னா, அவன் காத்தைக் குத்தறது கடைசி வரிசை வரைக்கும் தெரிஞ்சுரும். லென்ஸும் அப்படித்தான். 85, 100 மில்லிமீட்டர்னு நீள லென்ஸ் போட்டா முன்னால இருக்கறதும் பின்னால இருக்கறதும் நெருங்கிரும். 24 மில்லிமீட்டர் மாதிரி அகல லென்ஸ் போட்டு நாலு இஞ்ச் நகந்தாலும் குட்டு வெளிப்பட்டுரும். ஒரு கராத்தே மாஸ்டர் செட்டுக்கு வந்த புதுசுல பண்ற தப்பு இங்கதான். இத்தன வருசமா எதிராளியத்தான் பாத்து அடிச்சிருப்பாரு, அதனால டேக்குக்கு டேக் எதிராளி அசையறதுக்குத் தக்கன ரெண்டு இஞ்ச் மாறி அடிப்பாரு. களத்துல அது கெட்டிக்காரத்தனம். செட்டுல கோணம் ஒடைஞ்சு போச்சு. இங்க வேண்டியது பத்தாவது டேக்கும் மொத டேக்கும் ஒரே எடத்துல, ஒரே ஒயரத்துல. இன்னொண்ணு, குத்த வர்றது முகத்துலயும் தோள்லயும் தெரியக்கூடாதுன்னு களத்துல வருசக்கணக்காப் பழக்குவாங்க. படத்துல அது தெரிஞ்சே ஆகணும், இல்லாட்டி பாக்கறவனுக்கு அடி எங்கிருந்து வந்துச்சுன்னே புரியாது.

இப்ப முக்கியமான ஆளுக்கு வர்றேன். அடிக்கறவன் இல்லீங்க, வாங்கறவன். முட்டி முகத்தைத் தாண்டற அந்தக் கணத்துல, முட்டி போற தெசையிலயே தலை திரும்பணும். மூணு ஃபிரேம் முந்தித் திரும்புனாப் பொய், மூணு ஃபிரேம் பிந்துனாக் காமெடி. கண்ணை முன்கூட்டியே சிமிட்டுனா டேக் போச்சு. உங்க கதாநாயகன் அடி எவ்வளவு கனம்னு முடிவு பண்றது சம்பளப் பட்டியல்ல கடைசியில இருக்கற ஃபைட்டர்.

சக் நாரிஸ் எடுத்துக்குங்க. கொரியாவுல விமானப்படையில இருந்தப்ப டாங் சூ டோங்கற கொரியச் சண்டைக்கலை படிச்சவரு, 1960கள்ல அமெரிக்கக் கராத்தேப் போட்டிகள்ல பேரெடுத்தவரு. 1972ல 'வே ஆஃப் தி டிராகன்' படத்துல புரூஸ் லீகூட ரோம் கொலோசியச் சண்டை. நெசமான சாம்பியன் யாரு? அவரு. படத்துல தோத்தது யாரு? அவருதானுங்க! அந்தத் தோல்வி அவரு முகத்தை உலகம் பூராக் கொண்டு போய்ச் சேத்துச்சு. அப்பறமும் உடனே நட்சத்திரம் ஆயிரலை. அவருகிட்டக் கராத்தே படிச்ச ஸ்டீவ் மெக்குயின் நடிப்புக்குப் போங்கன்னு ஊக்கம் குடுத்து, 1978ல 'குட் கய்ஸ் வேர் பிளாக்' வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. பட்டமெல்லாம் முன்னமே கையில இருந்துச்சு. அப்ப இத்தன வருசம் எதுக்கு?

வித்யுத் ஜம்வாலும் அதே கணக்குத்தான். மூணு வயசுல இருந்து களரி. 2012 'துப்பாக்கி'யில கடைசிச் சண்டையில யாருகிட்டத் தோத்தாரு? நம்ம விஜய்கிட்ட! களரி படிச்சவர் விழறாரு, நடிகர் நிக்கறாரு, தியேட்டர்ல ஒருத்தராவது எந்திரிச்சு "இது நடக்காது"ன்னு கத்துனாங்களா? எதிரணித் தலைவரே விசிலடிச்சிருப்பாரு. யாரு ஜெயிக்கணும்கறதை எழுதறது கலை இல்லீங்க, கதை. அதை நம்ப வெக்கறது கேமரா.

சரி, ஒரே ஆளை வெச்சுச் சோதிச்சுப் பாக்கலாமா? ஒடம்பு அதே, வித்தை அதே, வருசம் அதே. ஜாக்கி சான். பீகிங் ஓபரா பள்ளியில வளந்தவரு, கராத்தேப் போட்டியில ஜெயிச்சு வந்தவரு கெடையாது. 1972ல புரூஸ் லீ படத்துல வில்லனுக்கு டூப்பாப் பறந்து போய் விழுந்தவரு. 1980ல அமெரிக்காவுல ஒரு படம். டைரக்டர் யாருன்னாக்கா, 'என்டர் தி டிராகன்' எடுத்த ராபர்ட் கிளவ்ஸ் தானுங்க. எதிர்பாத்த அளவுக்கு ஓடலை. அஞ்சு வருசம் கழிச்சு 1985ல அங்கயே இன்னொண்ணு, 'தி புரொடெக்டர்'. சண்டைய எடுத்த விதமே அவருக்குப் புடிக்கலை. ஹாங்காங்குக்கு வந்து சில காட்சிகளத் திரும்ப எடுத்து, வெட்டி ஒட்டி, அங்க வேற வடிவத்துல விட்டாரு. அதே 1985ல தானே டைரக்ட் பண்ணி 'போலீஸ் ஸ்டோரி' எடுத்தாரு. ஹாங்காங் திரைப்பட விருதுல சிறந்த படம் அதுதான். எதிரணிக்காரங்களே சொல்லுங்க, அந்த ஒரு வருசத்துக்குள்ள அவரு புதுசா என்ன குங்ஃபூ கத்துட்டாரு? மாறுனது கேமரா எங்க நிக்கறதுங்கறது, வெட்டு எங்க விழறதுங்கறது.

அந்த வெட்டையும் சொல்லிர்றேன். அகல ஷாட்டுல கால் போய் நெஞ்சத் தொடற வரைக்கும் காட்டறாங்க. அடுத்த ஷாட் நெருக்கத்துல. அது தொட்ட எடத்துல இருந்து ஆரம்பிக்காது, தொடறதுக்கு ரெண்டு மூணு ஃபிரேம் முன்னால இருந்தே ஆரம்பிக்கும். அதாவது அதே அடி ஒரு துளி ரெண்டுதடவ விழுகுது. கண்ணுக்குப் புரியாது, நெஞ்சுக்குப் புரியும். ரெண்டு ஃபிரேம் கூடிப் போனா விக்கல் எடுத்தாப்பல ஆயிரும், கொறஞ்சாக் கனமே இருக்காது. சட்டையில துளி மாவுப்பொடி தூவி வெச்சா, ஒதை விழறப்ப தூசி கெளம்பி அடியக் கண்ணுக்குக் காட்டிக் குடுக்கும். சட்டைக்கு உள்ள நெஞ்சுப் பேடு இருக்கும். பின்னால பறக்கோணும்னா உள்ள ஒரு பெல்ட்டு, அதுல ரோப்பு, மாஸ்டர் கை அசைச்சதும் நாலு பேரு இழுக்கணும். இழுக்கறது அரைச் செகண்டு முந்துச்சுன்னா, அடி படறதுக்கு முன்னாலயே ஆளு பறந்திருப்பான்.

எதிரணி அம்மணி ஒருத்தங்க "கலையே தெரியாத ஆளை வெச்சு எடுக்க முடியுமா?"ன்னு கேட்டாங்க. முடியுமுங்க அம்மணி, மிஷெல் யோ! மலேசியாவுல ஈப்போ ஊருக்காரங்க. படிச்சது பாலே நடனம், அதுக்கு லண்டன் வரைக்கும் போனாங்க. முதுகுல அடிபட்டு பாலே போச்சு. தற்காப்புக் கலையில முறையான படிப்பு எதுவும் இல்லாம 1985ல சண்டைக் கதாநாயகி ஆனாங்க. செட்டுல ஸ்டண்ட் ஆளுககிட்டக் கத்தது தான் அத்தனையும். டான்ஸ் ஆடறவங்களுக்கு அசைவை மனப்பாடம் பண்ணத் தெரியும், மார்க்குல நிக்கத் தெரியும், அதே அசைவை அலுங்காமத் திரும்பச் செய்யத் தெரியும். 2023ல சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் வாங்கிட்டாங்க.

டோனி ஜா ரோப்பே கட்டாம நடிச்சாருன்னு பெருமையாச் சொன்னீங்க. நெசந்தான், 2003 'ஓங் பாக்'. நானும் கும்புடறேன். ஆனா அந்தப் படத்தை இன்னொருக்காப் பாருங்க. பெரிய அடி ஒவ்வொண்ணையும் வேற வேற கோணத்துல ரெண்டுதடவ, மூணுதடவ காட்டுவாங்க. "பாரு, டூப் இல்ல, ரோப் இல்ல"ன்னு நிரூபிக்கறதுக்கே கேமரா வேண்டியிருக்குது. அவரு பன்னா ரிட்டிக்ராய்ங்கற ஸ்டண்ட் மாஸ்டர்கிட்ட வளந்து, டூப்பா விழுந்து எழுந்து வந்தவரு. கோயில் முத்தத்துல இருந்து நேரா வந்தவரு இல்லீங்க.

எம்.ஜி.ஆரைத் தொட்டா அடிப்பீங்க, தெரியும். தொடறேன். கம்பும் கத்தியும் தெரிஞ்சவர்தான், மறுக்கலை. ஆனா அவரு பொடிப்பையனா இருக்கறப்பவே நாடகக் கம்பெனிக்குப் போனவரு. 1936ல மொதப் படம், கதாநாயகன் ஆனது 1947ல 'ராஜகுமாரி'யில, அதுவும் நம்ம கோயமுத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவுல. அதே படத்துல அவருகூடச் சண்டை போட்டவரு நம்ம கோயமுத்தூர் ராமநாதபுரத்து சாண்டோ சின்னப்பா தேவர். ஒடம்பு யாருக்கு? பயில்வான் யாரு? தேவரு. களத்துல கத்ததே நட்சத்திரம் ஆக்கும்னா, அவரு போஸ்டரும்ல ஊரெல்லாம் ஒட்டியிருக்கணும்? அவருக்குத் தெரிஞ்சு போச்சு. படக்கம்பெனி ஆரம்பிச்சாரு, டைரக்டரா உக்கார வெச்சது எடிட்டிங் தெரிஞ்ச தம்பி திருமுகத்தை, முன்னால நிறுத்தினது எம்.ஜி.ஆரை. பயில்வானே எங்க கட்சிக்கு ஓட்டுப் போட்டுட்டாரு, எதிரணி இன்னும் பயில்வானுக்கே ஓட்டுக் கேக்குது.

கவுந்தப்பாடிப் பக்கத்துக்காரங்க இருக்கீங்க, உங்களுக்குச் சொன்னாப் புரியும். கரும்பு நல்ல கரும்புதான், அதை யாரும் வேண்டாங்கலை. பாகுப் பதம் தெரியாத ஆளு கொப்பரை முன்னால நின்னா சர்க்கரை கெட்டியாகாது, பிசுபிசுன்னு கெடக்கும்.

"படிச்ச கலை உசுரைக் காக்கும்"னு ஒருத்தர் சொன்னாரு. பாதி சரி. 1986ல ஜாக்கி சான் 'ஆர்மர் ஆஃப் காட்' படத்துக்காக யூகோஸ்லாவியாவுல ஒரு சுவத்துல இருந்து மரக்கெளைக்குத் தாவினாரு. அவரு கணக்குல அது சின்னத் தாவல். மொத டேக் ஆச்சு, திருப்தியில்லைன்னு இன்னொண்ணு போனாரு, கெளை ஒடைஞ்சு, மண்டையோடு ஒடைஞ்சு, அங்கயே ஆபரேசன். அங்க அவரு வித்தைக்கு வேலையே இல்லாமப் போச்சுங்க. கெளையோட பலத்தை ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால தொங்கிப் பாக்கணும், விழற எடம்னு நெனைக்கறதுக்கு ரெண்டு மடங்கு அகலத்துக்குப் பெட்டு போடணும், சின்னத் தாவல்னாலும் போடணும். அது ஸ்டண்ட் மாஸ்டர் வேலை. இந்த வேலைக்குத்தான் நம்ம தேசிய விருதுல 2016 படங்கள்ல இருந்து தனி இடம் வந்துச்சு, 'புலிமுருகன்' படத்துக்குப் பீட்டர் ஹெய்ன் வாங்கினாரு. ஆஸ்காரும் 2027ல வர்ற படங்கள்ல இருந்து ஸ்டண்ட் வடிவமைப்புக்குத் தனி விருது குடுக்கப் போறாங்க. பேர் வெச்சது ஸ்டண்ட் வடிவமைப்பு, குங்ஃபூன்னு இல்லீங்க.

மணி அடிச்சுட்டீங்க நடுவர் அய்யா, ஒரே நிமிசம். அடுத்து எதிரணியில பேச வர்றவங்க கைதட்டு வாங்கறதுக்கு முன்னால இதுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். 1985ல ஒரே ஜாக்கி சான், ரெண்டு படம், ஒண்ணை அவரே திரும்ப எடுக்க வேண்டியதாச்சு, ஒண்ணு விருது வாங்குச்சு. அவரு கத்த கலை எந்தப் படத்துல கொறஞ்சுதுங்க?